தனிநாட்டு வாக்கெடுப்பை ஒரு பகுதி தானாகவே நடத்திக்கொள்ள முடியுமா?

பிரிட்டனின் ஸ்காட்லாந்து, ஸ்பெயினின் கட்டலோனியா, கனடாவின் கியூபெக் என்று செய்தியில் எந்தப் பெயர் அடிபட்டாலும் வாசகர் கேட்பது ஒன்றுதான். தனிநாடு கேட்கும் கட்சி தேர்தலில் ஜெயித்திருக்கிறது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருக்கிறது. வாக்குச்சாவடி வைத்து மக்களைக் கேட்டுவிட வேண்டியதுதானே, அதற்கு மேலிடத்து அனுமதி எதற்கு?

இதற்கு ‘முடியும்’ என்றோ ‘முடியாது’ என்றோ ஒற்றை வரியில் பதில் சொல்பவர்கள் மூன்று வேறு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. வாக்கெடுப்பை நடத்தும் அதிகாரம் யாருக்கு? வாக்காளர் பட்டியல், வாக்குச்சாவடி, பணம், தேர்தல் அலுவலர் எல்லாவற்றையும் இயக்கும் சட்டத்தை யார் இயற்றலாம் என்பது இது.
2. வந்த முடிவு யாரைக் கட்டுப்படுத்தும்? ‘ஆம்’ ஜெயித்தால் அரசு செயல்பட்டே ஆக வேண்டுமா, அல்லது அது வெறும் கருத்தா?
3. பிரிந்துபோகும் உரிமை அந்தப் பகுதிக்கு உண்டா?

கியூபெக்கில் முதல் கேள்விக்குப் பதில் ‘ஆம்’, மூன்றாவதற்கு ‘தனியாக முடியாது’. ஸ்காட்லாந்தில் முதல் கேள்விக்கே பதில் ‘இல்லை’. ஆனால் ஸ்காட்லாந்து பிரியவே கூடாது என்று அங்கே எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கரீபியன் தீவான நெவிஸில் முதலாவதும் மூன்றாவதும் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தன. அறுபது சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’ என்றும் வாக்களித்தார்கள். ஆனாலும் பிரியவில்லை.

ஸ்காட்லாந்தின் சட்டச் சிக்கல்

ஸ்காட்லாந்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு ஜனநாயக நாட்டின் உச்ச நீதிமன்றம் இந்த முதல் கேள்வியை எடுத்து, வரிவரியாக அலசித் தீர்ப்பு சொன்ன வழக்கு அது.

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டத்தால் உருவானது. இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை மாநிலத்துக்கு எந்தெந்த அதிகாரம் உண்டு என்று பட்டியல் போடுகிறது. ஸ்காட்லாந்துச் சட்டம் தலைகீழ். எதெல்லாம் லண்டனிடமே, அதாவது ஐக்கிய ராஜ்யத்தின் மைய நாடாளுமன்றத்திடமே, இருக்கும் என்பதை மட்டும் ஐந்தாம் அட்டவணை சொல்கிறது. அதிலும் வேறு தடைகளிலும் வராதவை எடின்பரோவுக்கு. அப்படி லண்டன் கையில் வைத்துக்கொண்டவற்றை ‘ஒதுக்கப்பட்ட விஷயங்கள்’ என்கிறார்கள். அந்த அட்டவணையின் தொடக்கத்திலேயே இரண்டு விஷயங்கள் வருகின்றன: ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சேர்ந்த ஒன்றியம், ஐக்கிய ராஜ்யத்தின் நாடாளுமன்றம்.

தனிநாட்டு வாக்கெடுப்பு என்ற சொல் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. முழுச் சர்ச்சையும் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

சட்டத்தின் 29ஆவது பிரிவு, ஒதுக்கப்பட்ட விஷயத்தோடு ‘தொடர்புடைய’ சட்டம் எதையும் எடின்பரோ இயற்றினால் அது சட்டமே ஆகாது என்கிறது. தொடர்பு உண்டா இல்லையா என்பதை எப்படி முடிவுசெய்வது? சட்டத்தின் நோக்கத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது, எல்லாச் சூழ்நிலைகளிலும் அது உண்டாக்கும் விளைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். வழக்கு முழுவதும் ‘விளைவு’ என்ற இந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றித்தான் ஓடியது.

2014இல் எப்படி முடிந்தது?

2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில் தனிநாட்டு வாக்கெடுப்பு நடந்ததே, அப்போது மட்டும் எப்படி அதிகாரம் வந்தது என்று கேட்கலாம். கடனாக வந்தது என்று சொன்னால் தவறில்லை. அதே சட்டத்தின் 30ஆவது பிரிவு, மன்னரின் ஆணை மூலம் ஐந்தாம் அட்டவணையைத் திருத்த இடம் கொடுக்கிறது. நடந்த வரிசை இது:

1. 2011 தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி தனிப்பெரும்பான்மை பெற்றது. வாக்கெடுப்பு அதன் தேர்தல் வாக்குறுதி.
2. 2012 அக்டோபர் 15 அன்று பிரதமர் டேவிட் கேமரூனும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.
3. ஆணையின் வரைவுக்கு லண்டன் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எடின்பரோ நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்தன. 2013 பிப்ரவரியில் ஆணை பிறந்தது. நிபந்தனைகள்: ஒரே ஒரு கேள்வி, வேறெந்த வாக்கெடுப்பும் அதே நாளில் கூடாது, 2014 முடிவதற்குள் நடத்திவிட வேண்டும்.
4. பிறகுதான் எடின்பரோ இரண்டு சட்டங்கள் இயற்றியது. ஒன்று யார் வாக்களிக்கலாம் என்பதற்கு, மற்றது வாக்கெடுப்பை நடத்துவதற்கு.

வாக்குரிமைச் சட்டம் கவனிக்க வேண்டியது. 16, 17 வயதினருக்கு வாக்கு கிடைத்தது. ஸ்காட்லாந்தில் வசித்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும், தங்கும் அனுமதி பெற்ற காமன்வெல்த் குடிமக்களும் வாக்களிக்கலாம் என்று விதித்தார்கள். ஆக கிளாஸ்கோவில் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருந்த இந்தியருக்கும் இலங்கையருக்கும் வாக்கு இருந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் குடியேறிவிட்டவருக்கு இல்லை.

கேள்வியின் சொற்களையும் அரசு தன் விருப்பப்படி விட்டுவிடவில்லை. முதலில் எழுதியிருந்தது, ‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ தேர்தல் ஆணையம் அதை மக்களிடம் சோதித்துப் பார்த்து, ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்பது வாக்காளரை ‘ஆம்’ பக்கம் தள்ளுகிறது என்றது. ‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ என்று மாற்றினார்கள். இரு தரப்பின் அதிகாரபூர்வப் பிரச்சார அமைப்புக்கும் தலா 15 லட்சம் பவுண்டு செலவு வரம்பு.

84.6 சதவீத வாக்குப்பதிவு. ‘இல்லை’ 55.3, ‘ஆம்’ 44.7. தோற்றவர்கள் மறுநாளே முடிவை ஏற்றார்கள். சட்ட நுணுக்கங்கள் எல்லாம் எதற்காக என்று கேட்பவருக்கு அந்த மறுநாள்தான் பதில்: நடுவர் யார், விதி என்ன என்பதில் இரு தரப்புக்கும் தகராறே இருக்கவில்லை.

‘வெறும் கருத்துக் கேட்பு’ என்ற வாதம்

2013 ஆணையின் கெடு 2014 இறுதியோடு முடிந்தது. அதன்பின் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்ற வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து 62 சதவீதம் ‘இருக்கலாம்’ என்று சொல்லியும் ஐக்கிய ராஜ்யம் மொத்தமாக வெளியேறியது. இரண்டாவது வாக்கெடுப்புக்கான கோரிக்கை எழுந்தது. 2017இல் தெரசா மே இது அதற்கான நேரம் இல்லை என்றார். 2020இலும் 2022இலும் போரிஸ் ஜான்சன் மறுத்தார். எடின்பரோ நாடாளுமன்றத்திலோ 2021 தேர்தலுக்குப் பிறகு 129 இடங்களில் 72 தனிநாட்டு ஆதரவாளர்களிடம் இருந்தது.

2022 ஜூன் 28 அன்று முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் ஒரு மசோதாவையும் ஒரு தேதியையும் அறிவித்தார்: 2023 அக்டோபர் 19. ஆனால் மசோதாவை அவையில் வைக்க முடியவில்லை. எந்த மசோதாவையும் தாக்கல் செய்யும் அமைச்சர், இது நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான் என்று எழுதித் தர வேண்டும். அதற்கு அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான லார்டு அட்வகேட்டின் இசைவு தேவை. அந்தப் பதவியில் இருந்த டோரதி பெயின், அப்படி இசைவு தரும் அளவுக்குத் தமக்கு உறுதி இல்லை என்று கருதினார். ஆகவே கேள்வியை நேரே லண்டன் உச்ச நீதிமன்றத்திடமே அனுப்பிவிட்டார்.

அவர் முன்வைத்த வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. இந்த வாக்கெடுப்பின் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. ‘ஆம்’ வந்தாலும் மறுநாள் காலை ஒன்றியம் அப்படியே இருக்கும். சட்ட விளைவு பூஜ்யம் என்றால் ஒன்றியத்தோடு ‘தொடர்பு’ எங்கிருந்து வரும்?

2022 நவம்பர் 23 அன்று தலைமை நீதிபதி லார்டு ரீட் உள்ளிட்ட 5 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன பதிலின் சாரம்:

1. சட்டம் ‘விளைவு’ என்று சொல்வது சட்ட விளைவை மட்டும் குறிக்காது. நடைமுறை விளைவும் அதில் அடக்கம்.
2. சட்டப்படி நடக்கும் வாக்கெடுப்பு ஒரு கருத்துக் கணிப்பு போன்றதல்ல. வாக்காளர்கள் தங்கள் கருத்தை முறைப்படி தெரிவிக்கும் ஜனநாயகச் செயல் அது. தெளிவான முடிவு வந்தால், ஜனநாயகத்தின் மேல் நிற்கும் ஒரு நாட்டில் அதற்கென்று ஓர் அதிகாரம் வந்துவிடும்.
3. முடிவு எந்தப் பக்கம் போனாலும் ஒன்றியத்தின் ஜனநாயக நியாயம் அதனால் பலப்படும், அல்லது பலவீனப்படும். லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஸ்காட்லாந்தின் மேல் உள்ள இறையாண்மைக்கும் அதே கதிதான்.
4. எனவே தொடர்பு மேலோட்டமானதல்ல. மசோதா அதிகார வரம்புக்கு வெளியே நிற்கிறது.

இரண்டாவது புள்ளி ஸ்காட்லாந்து அரசைக் கச்சிதமாக மடக்கிவிட்டது. வாக்கெடுப்புக்கு எந்தக் கனமும் இல்லை என்றால் அதை நடத்தச் சட்டம் வேண்டியதில்லை. கனம் உண்டு என்றால் அது லண்டனின் அதிகாரத்துக்குள் போய்விடுகிறது. இங்கே நீதிமன்றம் ஊகத்தின் மேல் பேசவில்லை என்பதற்கு 2016 வாக்கெடுப்பே சாட்சி. சட்டப்படி அதுவும் வெறும் ஆலோசனைதான். அதன் முடிவை வைத்து அரசு தானாக விலகல் அறிவிப்பு கொடுக்க முடியாது, நாடாளுமன்றச் சட்டம் வேண்டும் என்று 2017 ஜனவரியில் இதே நீதிமன்றம் சொன்னது. இருந்தும் அந்த முடிவை மீற நாடாளுமன்றத்தால் முடியவில்லை.

முடிவு சட்டப்படியே கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பும் உண்டு. தேர்தல் முறையை மாற்றுவது பற்றி 2011 மே 5 அன்று ஐக்கிய ராஜ்யத்தில் நடந்த வாக்கெடுப்பில், ‘ஆம்’ வந்தால் அமைச்சர் புதிய முறையை அமலுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே சட்டத்தில் எழுதியிருந்தார்கள். தனிநாட்டு வாக்கெடுப்பில் அப்படி எழுதுவது கடினம். எல்லை, கடன் பங்கீடு, ராணுவத் தளங்கள் என்று பேசித் தீர்க்க வேண்டியவை வாக்கெடுப்புக்குப் பிறகுதான் வருகின்றன.

கட்டலோனியா: அனுமதி இல்லாமல் நடத்தினால் எங்கெங்கே உடையும்?

ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் நின்றுவிட்டது. கட்டலோனியா நிற்கவில்லை. ஸ்பெயினின் 1978 அரசியல் சட்டம் இதில் பிரிட்டனைவிடக் கறார். நாட்டின் ஒற்றுமை பிரிக்க முடியாதது என்கிறது 2ஆவது விதி. வாக்கெடுப்புக்கு அனுமதி தரும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே என்கிறது 149ஆவது விதி. ஸ்பெயின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2014இல் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொன்னது: தனிநாடு கேட்கலாம், அதற்காகக் கட்சி நடத்தலாம், அரசியல் சட்டத்தையே திருத்தச் சொல்லி இயக்கம் நடத்தலாம், ஆனால் மாற்றம் அரசியல் சட்டம் வகுத்த வழியில்தான் வர வேண்டும்.

(எல்லா நாடும் இந்த அளவுக்கு இடம் கொடுப்பதில்லை. இந்தியாவில் 1963இன் 16ஆவது திருத்தம், தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாக்கியது. திமுக திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது அந்தச் சூழலில்தான். இலங்கையின் 1983ஆம் ஆண்டு 6ஆவது திருத்தம், தனிநாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதையே தண்டனைக்குரியதாக்கியது. அதற்கான சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள்.)

2017 செப்டம்பர் 6 அன்று கட்டலான் நாடாளுமன்றம் வாக்கெடுப்புச் சட்டத்தை 135இல் 72 வாக்குகளோடு நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகளில் பெரும்பகுதி வெளிநடப்பு செய்திருந்தது. கட்டலோனியாவின் தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றாலே மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 90 வாக்கு வேண்டும். நாட்டைப் பிரிக்கும் சட்டத்துக்கு 72 போதும் என்று வைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு முரணே எதிர்த்தரப்புக்கு வலுவான ஆயுதமாகிவிட்டது. மறுநாளே அரசியல் சட்ட நீதிமன்றம் சட்டத்தை நிறுத்திவைத்தது. அதன்பின் நடந்தவற்றை ஒரு தேர்தல் அலுவலரின் கண்ணோடு பார்க்க வேண்டும்:

1. நடுவர் இல்லாமல் போனார். வாக்கெடுப்பைக் கண்காணிக்கக் கட்டலான் நாடாளுமன்றம் நியமித்த தேர்தல் குழுவின் உறுப்பினர்களுக்கு நாளொன்றுக்கு 12,000 யூரோ வரை அபராதம் என்று நீதிமன்றம் அறிவித்தது. குழு கலைந்தது. முடிவைச் சான்றளிக்கச் சுயேச்சையான அமைப்பு எதுவும் மிஞ்சவில்லை.
2. வாக்குச்சீட்டு போயிற்று. செப்டம்பர் 20 சோதனைகளில் ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச்சீட்டுகள் பிடிபட்டன. வீட்டிலேயே அச்சிட்டுக் கொண்டுவரலாம், உறை வேண்டாம் என்று விதி தளர்ந்தது.
3. பட்டியலின் பிடி தளர்ந்தது. போலீஸ் வாக்குச்சாவடிகளை மூடும் என்று தெரிந்ததால், யாரும் எந்தச் சாவடியிலும் வாக்களிக்கலாம் என்று அக்டோபர் 1 காலை, வாக்குப்பதிவு தொடங்கும் தறுவாயில் அறிவித்தார்கள். ஒருவர் இரண்டு இடத்தில் வாக்களிப்பதைத் தடுக்க இணையவழிப் பட்டியல்தான் ஒரே வழி. பல சாவடிகளில் இணைய இணைப்பே துண்டிக்கப்பட்டது.
4. கால அவகாசம் இல்லை. ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையம், வாக்கெடுப்புச் சட்டத்தின் அடிப்படை விதிகளைக் கடைசி ஓராண்டுக்குள் மாற்றக் கூடாது என்கிறது. இங்கே சட்டத்துக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே 25 நாள்.

போலீஸ் தடியடிப் படங்கள் உலகம் முழுக்கப் போயின, அனுதாபமும் வந்தது. கட்டலான் அரசு அறிவித்த முடிவு: ‘ஆம்’ 90.2 சதவீதம், வாக்குப்பதிவு 43 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 90 சதவீதக் கட்டலான் மக்கள் தனிநாடு கேட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ‘இல்லை’ என்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்ட வாக்கெடுப்பில் போய் ‘இல்லை’ என்று குத்தினால், அதன் வாக்குப்பதிவு எண்ணிக்கையை உயர்த்தி அதற்கு மதிப்பைக் கூட்டியதுதான் மிச்சம். வாக்கெடுப்பு சட்டப்படி நடக்க வேண்டும் என்பதன் முதல் பயனாக நான் பார்ப்பது இதைத்தான்: எதிர்ப்பவரையும் அது சாவடிக்கு வரவைக்கிறது. அவர் வராவிட்டால் எவ்வளவு பெரிய சதவீதமும் எதையும் நிரூபிக்காது.

சட்டபூர்வம் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று வட அயர்லாந்தில் 1973 மார்ச் 8 அன்று நடந்த எல்லை வாக்கெடுப்பு முழுக்கச் சட்டப்படியானது. அயர்லாந்து தேசியவாதிகள் புறக்கணித்தார்கள். பிரிட்டனோடு இருப்பதற்கு 98.9 சதவீதம் விழுந்தது. அது யாருடைய மனத்தையும் மாற்றவில்லை. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட நியூ கலிடோனியாவில் 2018இல் 56.7 சதவீதமும் 2020இல் 53.3 சதவீதமும் ‘இல்லை’ என்றார்கள். கோவிட் துக்கக் காலத்தில் வாக்கெடுப்பு வேண்டாம் என்று அங்குள்ள பூர்வகுடிகளான கனாக் மக்களின் கட்சிகள் புறக்கணித்த 2021 டிசம்பர் வாக்கெடுப்பில் அதே ‘இல்லை’ 96.5 சதவீதமாகப் பெருத்தது, வாக்குப்பதிவு 43.9ஆகச் சுருங்கியது. அந்த மூன்றாவது முடிவை அவர்கள் ஏற்கவே இல்லை.

கட்டலோனியத் தலைவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதிலும் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. அனுமதியற்ற வாக்கெடுப்பை அறிவிப்பதைக் குற்றமாக்கிய பிரிவு ஒன்று 2003இல் ஸ்பெயின் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது, 2005இல் நீக்கப்பட்டது. ஆகவே 2017இல் வாக்கெடுப்பை அறிவித்தது மட்டுமே தனிக் குற்றம் ஆகவில்லை. 2019 அக்டோபரில் 9 பேருக்கு விதிக்கப்பட்ட 9 முதல் 13 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை தேசத்துரோகக் கிளர்ச்சிக்காக. சிலருக்கு அதோடு பொதுப்பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதும் சேர்ந்தது. 2021இல் அவர்களுக்கு மன்னிப்பு வந்தது. கிளர்ச்சி பற்றிய அந்தச் சட்டப்பிரிவே பிறகு நீக்கப்பட்டது. 2024இல் பொதுமன்னிப்புச் சட்டமும் வந்தது. தன்னாட்சியை முடக்கும் 155ஆவது விதி 2017 அக்டோபர் 27 அன்று, அதாவது கட்டலான் நாடாளுமன்றம் தனிநாட்டை அறிவித்த அதே நாளில், பயன்படுத்தப்பட்டது. எந்தப் பெரிய நாடும் அந்த அறிவிப்பை அங்கீகரிக்கவில்லை.

கியூபெக்: நடத்தலாம், ஆனால் தானாகப் போக முடியாது

கனடாவில் மாகாணம் வாக்கெடுப்பு நடத்துவதற்கு ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசின் அனுமதி தேவையில்லை. கியூபெக் தன் சொந்தச் சட்டத்தின் கீழ் 1980இலும் 1995இலும் நடத்தியது. 1995 அக்டோபர் 30 அன்று ‘இல்லை’ 50.58, ‘ஆம்’ 49.42, வித்தியாசம் 54,288 வாக்கு. செல்லாத வாக்குகள் அதைவிட அதிகம். கேள்வியோ ஒரு மசோதாவையும் ஓர் ஒப்பந்தத்தையும் மேற்கோள் காட்டி, கனடாவுக்குப் பொருளாதார, அரசியல் கூட்டாண்மை முன்மொழிந்த பிறகு கியூபெக் இறையாண்மை பெறுவதற்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீண்டது. தனி நாடா, கூட்டாண்மையா, எதற்கு வாக்களிக்கிறோம் என்பதே பலருக்குத் தெளிவாக இல்லை.

பயந்துபோன கனடா அரசு உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. 1998 ஆகஸ்ட் 20 அன்று வந்த கருத்து இன்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது. கனடா அரசியல் சட்டத்திலும் சர்வதேசச் சட்டத்திலும் அந்த உரிமை இல்லை. அதே மூச்சில் மறுபக்கத்தையும் நீதிமன்றம் கட்டிப்போட்டது: தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ‘ஆம்’ என்றால், கனடா காது கேளாதது போல இருக்க முடியாது, பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும். கேள்வி தெளிவா என்பதை யார் சொல்வது? 2000ஆம் ஆண்டின் தெளிவுச் சட்டம், கேள்வி வெளியான 30 நாளுக்குள் மத்திய நாடாளுமன்றத்தின் கீழவை அதைத் தீர்மானிக்கும் என்றது. கியூபெக் உடனே எதிர்ச்சட்டம் இயற்றி, பாதியோடு ஒரு வாக்கு கூடினால் போதும் என்று எழுதிக்கொண்டது. இரண்டும் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன.

தானே நடத்திவிட்டு மேலே ஏற முடியாமல் நின்ற பழைய உதாரணம் மேற்கு ஆஸ்திரேலியா. 1933 ஏப்ரல் 8 அன்று அந்த மாநிலத்தின் சொந்தச் சட்டப்படி நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கினர் பிரிவதற்கு வாக்களித்தார்கள்; அதே நாளில் அந்த வாக்கெடுப்பை நடத்திய அரசையும் தேர்தலில் தோற்கடித்தார்கள்! மனு லண்டனுக்குப் போயிற்று. ஆஸ்திரேலியக் கூட்டரசு கேட்காமல் இதை எடுத்துக்கொள்ள முடியாது என்று 1935இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு திருப்பியனுப்பியது.

வெளியேறும் வாசல் உள்ள அரசியல் சட்டங்கள்

சில நாடுகளின் சட்டத்தில் வாசலே வைத்திருக்கிறார்கள். ஆனால் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எத்தியோப்பியாவின் 1995 அரசியல் சட்டம், 39ஆவது விதி: பிரிய விரும்பும் இன மக்களின் அவையில் மூன்றில் இரண்டு பங்கு கோரினால், 3 ஆண்டுக்குள் மத்திய அரசு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். தாழ்ப்பாள், நடத்துபவர் மத்திய அரசு என்பதில்.

செயின்ட் கிட்ஸ் நெவிஸ் நாட்டின் அரசியல் சட்டம் நெவிஸ் தீவுக்குப் பிரியும் வழியைத் தந்தது. தீவின் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு, வாக்கெடுப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு. 1998 ஆகஸ்ட் 10 அன்று ‘ஆம்’ 2,427, ‘இல்லை’ 1,498. அதாவது 61.8 சதவீதம். வேண்டியது 66.7. கதை முடிந்தது. மான்டினெக்ரோ செர்பியாவிடமிருந்து பிரிய 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் வைக்கச் சொன்ன வரம்பு 55, வந்தது 55.5. அந்த அரை சதவீதத்தில்தான் இன்றைய மான்டினெக்ரோ நாடு இருக்கிறது.

வட அயர்லாந்தின் தாழ்ப்பாள் இன்னும் விசித்திரமானது. 1998 சட்டப்படி, வாக்களிப்பவர்களில் பெரும்பான்மையினர் ஐக்கிய அயர்லாந்தை விரும்பக்கூடும் என்று லண்டன் அமைச்சருக்குத் ‘தோன்றினால்’ அவர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். அந்தத் தோற்றத்தை எதை வைத்து அளப்பது என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ஒருமுறை நடத்திவிட்டால் 7 ஆண்டுக்கு மீண்டும் நடத்த முடியாது.

சர்வதேசச் சட்டம் கைகொடுக்குமா?

உள்நாட்டுச் சட்டம் மூடினால் ஐநா சாசனத்தின் சுயநிர்ணய உரிமை திறந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி இந்த வாதத்தையும் 2022 வழக்கில் வைத்துப் பார்த்தது. நீதிமன்றம் கியூபெக் கருத்தையே எடுத்துக்காட்டித் தள்ளிவிட்டது: தனிநாடாகப் பிரியும் அளவுக்கான சுயநிர்ணய உரிமை காலனி மக்களுக்கு உண்டு, அந்நிய ராணுவப் பிடியில் உள்ளவர்களுக்கு உண்டு, ஒருவேளை, சொந்த நாட்டு அரசிலேயே பங்கு மறுக்கப்பட்டவர்களுக்கும் இருக்கலாம். மூன்றாவது வகை இன்றுவரை சர்ச்சையில்தான் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் இடமும் தன்னாட்சி அரசும் உள்ள ஸ்காட்லாந்து இதில் எதிலும் வராது.

செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவை உதாரணம் காட்டுபவர்கள், அதைப் பற்றிச் சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்தின் எல்லையைக் கவனிப்பதில்லை. 2010 ஜூலையில் அது சொன்னது, 2008இன் சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்பது மட்டுமே. பிரியும் உரிமை கொசோவோவுக்கு உண்டா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. நடைமுறையில் தீர்ப்பதெல்லாம் அங்கீகாரம். ஈராக்கின் குர்திஸ்தான் 2017 செப்டம்பர் 25 அன்று 92 சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’ பெற்றது. சில நாள்களில் அதன் விமான நிலையங்களுக்கு வெளிநாட்டு விமானங்கள் நின்றன, மூன்று வாரத்தில் குர்துகள் வசமிருந்த கிர்குக் நகரை ஈராக் ராணுவம் பிடித்தது. அமெரிக்காவும் வாக்கெடுப்பை எதிர்த்திருந்தது.

ஸ்காட்லாந்துக்கு மிச்சமுள்ள வழிகள்

1. மீண்டும் ஒரு 30ஆவது பிரிவு ஆணை. சட்டப்படி எளிது, லண்டன் பிரதமரின் ஒப்புதல் இல்லாமல் நகராது. எந்தச் சூழ்நிலையில் ஒப்புதல் தர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.
2. லண்டன் நாடாளுமன்றமே சட்டம் இயற்றுவது. அதே தடை.
3. வட அயர்லாந்தைப் போல நிரந்தர நிபந்தனை ஒன்றைச் சட்டத்தில் எழுதச் சொல்வது. குறைந்தபட்சம் வாசல் எங்கே என்பதாவது தெரியும். லண்டன் அரசுகள் இதில் ஆர்வம் காட்டவில்லை. அதற்கு நியாயமான காரணம் எதையும் நான் பார்க்கவில்லை.
4. பொதுத்தேர்தலையே வாக்கெடுப்பாக அறிவிப்பது. தீர்ப்பு வந்த அன்றே ஸ்டர்ஜன் இந்த வழியைத்தான் சொன்னார். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் தேர்தலில் கேள்வி ஒன்று மட்டும் இருப்பதில்லை. மருத்துவமனை, வரி, ஆளுங்கட்சியின் மேல் உள்ள கோபம் எல்லாம் ஒரே சீட்டில் விழும். 2024 ஜூலை தேர்தல் அறிக்கையில் தனிநாட்டை முதல் பக்கத்திலேயே வைத்துப் போட்டியிட்ட ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு ஸ்காட்லாந்தின் 57 இடங்களில் கிடைத்தது 9. முந்தைய தேர்தலில் அது 59இல் 48. அந்த முடிவைத் தனிநாட்டுக்கு ‘இல்லை’ என்ற தீர்ப்பாக எடுத்துக்கொள்ள அந்தக் கட்சி தயாராக இல்லை.